மே மாசம் டொர்னாடோ டூர்: வேலூர்லேருந்து 3 பேர், அப்பாவுக்கு 61 வயசு. எதைப் பார்த்துப் பணம் கட்டணும்?

காட்பாடி_ஜங்ஷன்:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மே மாசம் அமெரிக்காவில் 10 நாள் ஸ்டார்ம் சேஸிங் டூர், அதாவது இடிமேகத்தையும் டொர்னாடோவையும் துரத்திப் போய்ப் பார்க்கிற டூர், போகலாம்னு நானும் தங்கச்சியும் அப்பாவும் யோசிக்கிறோம். மூணு பேருக்கும் விசா இருக்கு. வேன்ல கூட்டிக்கிட்டுப் போறாங்க, ஹோட்டல் அவங்க பொறுப்பு, சாப்பாட்டுச் செலவு நம்மது. மூணு நாலு கம்பெனி பக்கம் பார்த்தேன். எல்லாத்துலயும் அதே கருப்பு மேகம், அதே தும்பிக்கை மாதிரி தொங்குற டொர்னாடோ படம். எதை வெச்சுப் பிரிச்சுப் பார்க்கிறதுன்னே தெரியலை.

எந்த வாரம் போறது நல்லது? ஒரு நாள் எப்படிப் போகும்? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு, இன்சுலின் போடுறார், கறி மீன் தொடமாட்டார். அவரைக் கூட்டிட்டுப் போறது சரியா? ஆபத்து நிஜமா எவ்வளவு?

இன்னொண்ணு. சாயங்காலம் ஜவ்வாது மலைப் பக்கம் ஏறுற மேகத்தை மொட்டை மாடியில நின்னு பார்க்கிற பழக்கம் உண்டு. சென்னை ரேடார் படம் ஓரளவு புரியும். அந்தப் பழக்கம் அங்க கை கொடுக்குமா?


ஜவ்வாது_மேகம்:

தேதியை முதல்ல முடிவு பண்ணுங்க தம்பி, கம்பெனி அப்புறம்.

அந்த ஊர் இடிமழைக்கு மூணு சரக்கு வேணும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தரையை ஒட்டி வடக்கே வரணும். மேற்கே மேட்டு நிலத்திலிருந்து வர்ற வறண்ட சூடான காற்று அதோட மோதணும். மேலே ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்ற உயரக் காற்றோட்டம் வேகமா ஓடணும். இந்த மூணும் சந்திக்கிற இடம் வெயில் ஏற ஏற வடக்கே நகரும். ஏப்ரலில் டெக்சாஸ், மே நடுவில் ஓக்லஹோமா, கான்சாஸ், ஜூனில் நெப்ராஸ்கா, டகோட்டா, கொலராடோவின் கிழக்குச் சமவெளி. வருஷத்திலேயே டொர்னாடோ அதிகம் பதிவாகிற மாதம் மே. மே 15க்கும் ஜூன் 5க்கும் நடுவில் 10 நாள் கிடைச்சா எடுத்துக்கோங்க. மே டூர் பெரும்பாலும் ஓக்லஹோமா சிட்டியில் கூடும், ஜூன் டூர் டென்வரில். எங்க கூடினாலும் 10 நாளில் 5,000 கி.மீ. ஓடுறது சாதாரணம். வேலூரிலிருந்து டெல்லி போய்த் திரும்பி வர்றதை விட அதிகம். டூர் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துடுங்க. விமானம் தாமதமானா வேன் உங்களுக்காக நிக்காது, மேகமும் நிக்காது.

டொர்னாடோ பார்த்தே தீரும்னு யாராவது எழுதியிருந்தா அந்தப் பக்கத்தை மூடிடுங்க. நடுவில் உயர் அழுத்தம் வந்து உட்கார்ந்தா நாலஞ்சு நாள் நீல வானம்தான். அப்போ மியூசியம், பள்ளத்தாக்குன்னு சுத்திக் காட்டுவாங்க. பணம் திரும்ப வராது. விமானச் செலவு நீங்கலா ஆளுக்கு 3,000 டாலருக்கு மேல போறதால இதை மனசுல வெச்சுக்கிட்டுக் கட்டணும்.

கம்பெனியைப் படத்தை வெச்சு எடை போடாதீங்க, மெயில் போட்டுக் கேளுங்க. ஓட்டுறவர் வேற, ரேடார் பார்க்கிறவர் வேறயா? ஒரே ஆள் ரெண்டும் செய்தா வேணாம். ஒரு வேன்ல எத்தனை பேர்? 15 பேர் உட்கார்ற வண்டியில் 15 பேரையும் அடைச்சா பெட்டிக்கு இடம் இருக்காது, நடுவில் உட்கார்ந்தவருக்கு வானமே தெரியாது. சீட் தினமும் மாத்துவாங்களா? இருட்டின பிறகும் துரத்துவாங்களா? ஆலங்கட்டி கொட்டுற மையத்துக்குள்ளே புகுந்து மறுபக்கம் போற பழக்கம் உண்டா? கடைசிக் கேள்விக்கு “உண்டு, அதுதான் த்ரில்” என்று பதில் வந்தா வேற கம்பெனி பாருங்க. கண்ணாடி உடைஞ்சா அன்னைக்குச் சாயங்காலம் மட்டுமில்ல, மறுநாளும் கண்ணாடிக்கடை வாசல்லதான் போகும்.


பாலாறு_மணல்:

ஒரு நாள் எப்படிப் போகும் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊரில் அரசின் புயல் முன்னறிவிப்பு மையம் இருக்கிறது. சுருக்கமாக எஸ்.பி.சி. அன்றைய நாளுக்கான இடிமழை ஆபத்து வரைபடத்தை உள்ளூர் நேரப்படி நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு வெளியிட்டு, காலை 8, 11:30, பிற்பகல் 3, இரவு 8 என்று திருத்திக்கொண்டே இருப்பார்கள். மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை என்று 5 படிகள். ஸ்லைட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். படம் பிடிக்க அருமையான மேகம் பல நேரம் அந்த நாளில்தான் கிடைக்கும். ஹை என்றால் மேகங்கள் மணிக்கு 80, 90 கி.மீ. வேகத்தில் ஓடும், வேன் எட்டிப் பிடிக்காது, சாலையில் கூட்டம் வேறு.

காலை 9 அல்லது 10 மணிக்கு ஹோட்டல் வரவேற்பறையில் வழிகாட்டி வரைபடத்தை விளக்குவார். 11 மணிக்குள் பெட்டி வண்டியில் ஏறிவிட வேண்டும், ஏனென்றால் இரவு வேறு ஊரில்தான் படுக்கை. 300, 400 கி.மீ. ஓட்டி பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு ஒரு சின்ன ஊரின் பெட்ரோல் பங்கில் நிற்பார்கள். இங்கேதான் பலருக்குப் பொறுமை போகிறது. இரண்டு மணி நேரம் ஒன்றுமே நடக்காது. மேலே ஒரு சூடான காற்றடுக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்து மேகத்தை ஏறவிடாமல் அமுக்கும். மூடி திறந்தால் அரை மணியில் பூக்கோசு மாதிரி மேகம் குமிழ்ந்து மேலே போகும். திறக்காமலே பொழுது சாயும் நாட்களும் உண்டு.

மேகம் ஏறினால் அடுத்த நான்கு மணி நேரம் ஓட்டம்தான். 10 நிமிடம் நிறுத்துவார்கள், படம், ஏறு, மறுபடி ஓட்டம். வழிகாட்டி “ஏறுங்க” என்றால் ட்ரைபாடை மடிக்காமலே தூக்கிக்கொண்டு ஏறத் தெரிய வேண்டும். சூரியன் மறைவதே இரவு 8:30 வாக்கில். சாப்பாடு 10 மணிக்கு, படுக்கை நள்ளிரவுக்கு.

சாமான்: சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், ஆளுக்கு ஒரு துணிப்பை. மூடிய ஷூ கட்டாயம். புல்வெளியில் உண்ணியும் சில இடங்களில் பாம்பும் உண்டு. முள்கம்பி வேலி தாண்டி அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. மழைக் கோட்டு, ஒரு ஸ்வெட்டர். குடை எடுத்துப் போகாதீர்கள், காற்றில் நிற்காது, இடியில் பிடிக்கவும் கூடாது. மின்சாரம் 120 வோல்ட், பிளக் தட்டைக் கம்பி. போன், கேமரா சார்ஜர் அடாப்டர் போட்டால் ஓடும். நம்ம ஊர் கெட்டில் கொண்டுபோனால் வெந்நீர் வைப்பதற்குள் விடிந்துவிடும்.

கேமராவுக்குப் பெரிய ஜூம் லென்ஸ் தேவையே இல்லை. மேகம் 50 கி.மீ. அகலத்துக்கு நிற்கிறது, 16 முதல் 35 மி.மீ. அகல லென்ஸ் போதும். இரவு மின்னலுக்கு எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200, 15 விநாடி திறப்பு என்று தொடங்கி, வெளுத்துப் போனால் துவாரத்தைக் குறையுங்கள்.


குடியாத்தம்_அக்கா:

அப்பா விஷயத்தை மேல யாரும் தொடலை, நான் சொல்றேன்.

பிரச்சினை மேகம் இல்லப்பா, சாப்பாட்டு நேரம். மதியச் சாப்பாடு பெட்ரோல் பங்கில் 20 நிமிஷம், அதுவும் 12க்கா 3க்கான்னு தெரியாது. ராத்திரி 10 ஆகும். மேகம் நல்லா இருந்தா அதுவும் தள்ளிப் போகும். சாப்பாட்டை நம்பி முன்னாடியே ஊசி போட்டுட்டு, வேன் கிளம்பிடுச்சுன்னா சர்க்கரை இறங்கிடும். இதைத்தான் உங்க டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிக் கேக்கணும்: “சாப்பாடு மூணு மணி நேரம் முன்னே பின்னே ஆகும், ஊசியை எப்படி மாத்துறது?” நம்ம நேரத்துக்கும் அங்க மே மாச நேரத்துக்கும் பத்தரை மணி நேரம் வித்தியாசம். போற அன்னைக்கும் வர்ற அன்னைக்கும் எந்த வேளை ஊசின்னு எழுதியே வாங்கிக்குங்க. சர்க்கரை பார்க்கிற மிஷின், குளுக்கோஸ் மாத்திரை, பேரீச்சம்பழம், பிஸ்கெட் எல்லாம் அவர் மடியில இருக்கிற சின்னப் பையில இருக்கணும். பின்னாடி டிக்கியில வெச்சா வெச்ச மாதிரி இல்லை.

இன்சுலினை விமானத்துல கைப்பையிலதான் கொண்டு போகணும். பெட்டியில போட்டு அனுப்பினா உறைஞ்சு வீணாகலாம். டாக்டர் லெட்டர்ஹெட்ல மருந்துப் பேரு, அளவு, ஊசி எத்தனைன்னு ஆங்கிலத்துல ஒரு கடிதம். இன்சுலினை ரெண்டு பங்கா பிரிச்சு ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு தங்கச்சிகிட்ட. நிறுத்தின வேனுக்குள்ள வெயில்ல விட்டுட்டு இறங்கக் கூடாது, அதே சமயம் ஐஸ் கட்டி மேலயும் நேரா வைக்கக் கூடாது.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறதால கால் வீங்கும், ரத்தம் கட்டவும் வாய்ப்பு இருக்கு. ஒவ்வொரு பங்கிலயும் இறங்கி அஞ்சு நிமிஷம் நடக்கச் சொல்லுங்க. பாதத்துல ஷூ கடிச்சிருக்கான்னு ராத்திரி தினமும் பாருங்க, சர்க்கரைக்காரங்களுக்கு அதுதான் முக்கியம்.

சாப்பாடு: கான்சாஸ் பக்கம் சின்ன ஊர்ல சைவம் கேட்டா உருளைக்கிழங்கு வறுவலைக் காட்டுவாங்க. பங்கில வாழைப்பழம், தயிர், கடலை, பால் கிடைக்கும். சாண்ட்விச் கடையில காய்கறி மட்டும் வெச்சுத் தரச் சொல்லலாம். மெக்சிகன் கடையில பீன்ஸ், அரிசி கிடைக்கும், ஆனா பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க, கேட்டுட்டு வாங்கணும். இங்கேருந்து பருப்புப் பொடி, வேர்க்கடலை உருண்டை எடுத்துக்கலாம், சுங்கச் சோதனையில உணவு இருக்குன்னு மறைக்காம சொல்லிடுங்க. அரிசியும் பச்சைக் கறிவேப்பிலையும் இந்தியாவிலேருந்து உள்ள விடமாட்டாங்க. கறியும் அப்படித்தான். ஆக ஆம்பூர் பிரியாணிக்கு ரெண்டு வகையிலயும் வழியில்லை.

காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை நோய்க்குப் பணம் தருவாங்களான்னும், “ஆபத்தான பொழுதுபோக்கு” விலக்குல இந்த டூர் வருதான்னும் கேட்டு எழுத்துல வாங்குங்க. போன்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது.


இடி_எண்ணி:

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். எல்லாரும் டொர்னாடோவுக்குப் பயப்படுகிறார்கள். டூர் பயணிக்கு முதல் ஆபத்து நெடுஞ்சாலை: களைத்த ஓட்டுநர், ஈரச் சாலை, ஓரத்தில் பிரேக் போட்டு நிற்கும் மற்ற துரத்தல்காரர்கள். இரண்டாவது மின்னல். டொர்னாடோ அதற்கும் அப்புறம்தான்.

மின்னலுக்கு ஒரு கணக்கு. வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வரும்வரை எண்ணுங்கள், 3 விநாடிக்கு 1 கி.மீ. 30 விநாடிக்குள் சத்தம் வந்தால், அதாவது 10 கி.மீ.க்குள் விழுந்தால், வண்டிக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் இறங்க வேண்டும். வண்டி காப்பாற்றுவது ரப்பர் டயரால் இல்லை, சுற்றியிருக்கும் இரும்புக் கூட்டால். அங்கே வெட்டவெளியில் ட்ரைபாடோடு நிற்பவர்தான் உயரமான பொருள், நம்ம ஊர் ஏரிக்கரைப் பனைமரம் மாதிரி.

டொர்னாடோ அனுபவசாலிகளையும் கொல்லும் என்பதற்கு உதாரணம் 2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊர்ப் பக்கம் வந்தது. அகலம் 4.2 கி.மீ. வரை விரிந்தது, திடீரென்று வடகிழக்கே திரும்பியது, வேகமும் கூடியது. ஆராய்ச்சிக்காகப் போன டிம் சமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் மூவரும் இறந்தார்கள். மழைத்திரைக்குள் மறைந்து வந்ததால் அதன் விளிம்பு எங்கே என்று கண்ணால் சொல்ல முடியாத நிலை. ஆகவே வழிகாட்டியிடம் கேட்க வேண்டியது, மழை மூடினால் எத்தனை கி.மீ. தள்ளி நிற்பீர்கள் என்பதுதான்.

அங்கே டொர்னாடோ வாட்ச், டொர்னாடோ வார்னிங் என்று இரண்டு வகை அறிவிப்பு வரும். வாட்ச் என்றால் சூழ்நிலை கூடியிருக்கிறது என்று பொருள், பல மணி நேரத்துக்கு இருக்கும். வார்னிங் என்றால் கண்ணாலோ ரேடாரிலோ பார்த்தாயிற்று, சின்னப் பரப்புக்கு, முக்கால் மணி நேரம் போல. இரவு ஹோட்டலில் வார்னிங் வந்தால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நடுவறை அல்லது குளியலறை. அறை எடுத்தவுடனே அந்த இடத்தைப் பார்த்து வையுங்கள்.

ஜவ்வாது_மேகம் சொன்னதில் ஒன்றில் எனக்கு ஒப்புதல் இல்லை. முதல் முறை போகிறவர்களுக்கு, அதுவும் பெரியவரோடு, ஜூனில் டென்வரில் தொடங்குவதே மேல். டொர்னாடோ குறையலாம், ஆனால் மரமில்லாத மேட்டுச் சமவெளியில் 60, 70 கி.மீ. தள்ளி நின்றே முழு மேகமும் தெரியும். மேகமும் மெதுவாக நகரும். ஓக்லஹோமாவின் கிழக்கே போனால் மரமும் குன்றும் மறைத்துவிடும்.


ஜவ்வாது_மேகம்:

டென்வர் பத்தி இடி_எண்ணி சொன்னது பெரியவருக்குச் சரிதான், ஒத்துக்கிறேன். ரெண்டு பிள்ளைகள் மட்டும் போனா என் வாக்கு மே மாசத்துக்கே.

இப்போ மொட்டை மாடிப் பழக்கம். கண்ணுக்கு உதவும், காலுக்கு உதவாது. நம்ம ஊர் மேகத்தை நாம காத்திருந்து வரவேற்கிறோம். முதல்ல சில்லுனு புழுதிக் காற்று, கதவு படார்னு அடிக்கும், மாடித் துணியை எடுக்க ஓடுவோம், அப்புறம் மழை, ஒரு மணி நேரத்துல ஓஞ்சிடும். கொட்டுற மழையும் குளிர்காற்றும் அதே மேகத்தோட மூச்சுக்குழாய் மேலேயே விழுந்து அடைச்சிடுறதால அது சாகுது. அங்க மேல போகப் போகக் காற்று வேகமும் திசையும் மாறும், அதனால மேகம் சாய்ஞ்சு, மழை ஒரு பக்கமும் ஏறுற காற்று இன்னொரு பக்கமும் பிரிஞ்சிடும். சுழல ஆரம்பிச்சா அதான் சூப்பர்செல், மணிக்கணக்கா சாகாது.

அதனால அங்க நிக்க வேண்டிய இடமே வேற. மேகம் வடகிழக்கே போனா நீங்க தென்கிழக்கே இருக்கணும். மேற்கே பார்த்தா மழையில்லாத கரிய அடிப்பரப்பு தெரியும், அதுலேருந்து சுவர் மாதிரி ஒரு பகுதி கீழே இறங்கிச் சுத்துதான்னு பார்க்கணும். வலது கை பக்கம், அதாவது வடக்கே, மழையும் ஆலங்கட்டியும். முகத்தை விட முதுகை நம்புங்க. வெதுவெதுப்பான ஈரக்காற்று உங்க முதுகுல பட்டு மேகத்தைப் பார்த்துப் போனா, அது இன்னும் மூச்சு இழுக்குதுன்னு அர்த்தம், நீங்க சரியான இடத்துல நிக்கிறீங்க. திடீர்னு முகத்துல சில்லுனு அடிச்சா, வேலூர்ல சந்தோஷம், அங்க வண்டியில ஏற வேண்டிய நேரம்.

இன்னொரு ஏமாற்றம் மேகத்தோட தட்டையான தலை. நம்ம பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை இடிமேகம் மேற்கிலேருந்து கிழக்கே நகரும், ஆனா ரொம்ப உயரத்துல காற்று கிழக்கிலேருந்து அடிக்கிறதால தலை பின்னாடி, மேற்கே இழுபடும். அங்க தலை முன்னாடி நீளும். 100 கி.மீ. தள்ளியிருக்கிற மேகத்தோட தலை உங்க உச்சிக்கு மேலே வந்திருக்கும், இதோ வந்துட்டுதுன்னு தோணும், வந்திருக்காது.

ரேடார் பழக்கம் நல்லது, ஒரு எச்சரிக்கையோட. சென்னைத் துறைமுக ரேடாருக்கும் வேலூருக்கும் நேர்கோட்டில் 125 கி.மீ. போல. அரை டிகிரி கோணத்துல கிளம்புற கதிர் நம்ம தலைக்கு வர்றப்போ 2 கி.மீ. உயரத்துல போகும், பூமி வளைஞ்சிருக்கிறதும் சேர்ந்து. அதுக்குக் கீழே என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது. படத்துல மஞ்சள் இருக்கு, வீட்ல தூறல்கூட இல்லைன்னு திட்டுறோமே, அதுக்கு இதுவும் ஒரு காரணம். அங்கயும் ரெண்டு ரேடாருக்கு நடுவுல மாட்டினா இதே கதை. படமும் சில நிமிஷம் பழசு. அந்த நேரத்துல மேகம் 3, 4 கி.மீ. நகர்ந்திருக்கும்.

போறதுக்கு முன்னாடி ஒரு பயிற்சி பண்ணுங்க. கத்திரி வெயில் நாட்கள்ல மதியம் 2 மணிக்கு மாடி ஏறி மலைப் பக்கம் மேகத்தோட ஓரத்தைப் பாருங்க. கத்தியால வெட்டின மாதிரி ஓரம் கூர்மையா இருந்தா இன்னும் ஏறுது, பஞ்சு மாதிரி கலைஞ்சா முடிஞ்சது. 10 நிமிஷத்துக்கு ஒரு போட்டோ எடுத்து, அப்புறமா ரேடார் படத்தோட நேரம் பார்த்து ஒப்பிடுங்க. ஒரு சீசன் இப்படிப் பார்த்தவர் வேன்ல ஜன்னல் சீட்டுக்குத் தகுதியானவர்.


காட்பாடி_ஜங்ஷன்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா, எல்லாருக்கும். ஒரே ஒரு கேள்வி. நடுவுல அப்பாவுக்கு முடியலைன்னா ரெண்டு நாள் ஹோட்டல்ல ஓய்வெடுத்துட்டு மறுபடி வேன்ல சேர்ந்துக்கலாமா?


பாலாறு_மணல்:

முடியாது. இன்று கான்சாஸ், நாளை மறுநாள் டெக்சாஸ் என்று வேன் போய்க்கொண்டே இருக்கும். விட்ட ஊருக்குத் திரும்பாது. அந்தச் சின்ன ஊர்களில் பஸ்ஸும் கிடையாது, வாடகைக் கார் கிடைப்பதே கஷ்டம். இறங்கினால் மூவரும் இறங்க வேண்டியதுதான். சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்று எடுத்து வைத்திருந்தால், பெரிய ஊர் வந்ததும் கார் எடுத்துப் புறப்பட்ட நகரத்துக்காவது திரும்பலாம்.


குடியாத்தம்_அக்கா:

10 நாள் வேணாம்ப்பா. அதே கம்பெனிங்க 5, 6 நாள் டூரும் நடத்துவாங்க. அப்பாவோட அதுல போங்க. அவருக்கு ஓட்டுநர் பின்னாடி முதல் வரிசை சீட்டுன்னு இப்பவே மெயில்ல கேட்டு வாங்கிடுங்க, கடைசி வரிசை தூக்கித் தூக்கிப் போடும்.